வெனிஸ் நகரின் ஒழுங்கைகளில் கவிஞர் கதே

கடல் சூழ்ந்த நாட்டிற் பிறந்தவர்களுக்குக் கடலைக் காண்பது ஒரு புதுமையன்று. கண் விழிக்கும் முன்னரே அதன் ஓசை காதில் விழுந்துவிடுகின்றது. ஆனால், ஐரோப்பாவின் உள்நாட்டு நகரமொன்றிற் பிறந்து, புகழின் உச்சியை எட்டி, 37 வயது நிரம்பிய பின்னரே கடலை முதன்முறையாகக் கண்ட மகாகவி ஒருவர் இருந்தார். அவரே ஜேர்மனியக் கவிஞர் யோகான் வொல்ப்காங் கதே. அவர் கடலைக் கண்ட நாள் 1786ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி. கண்ட இடம் இத்தாலியிலுள்ள வெனிஸ் நகரத்து மணிக்கோபுரத்தின் உச்சி. அன்று அவருடன் வழிகாட்டியும் இல்லை, துணைவரும் இல்லை. கால்களையும் கண்களையுமே துணையாகக் கொண்டு அந்நகரை அவர் சுற்றிப் பார்த்தார். அந்த நாளைப் பற்றி அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு, மறைந்துபோன ஒரு குடியரசின் கடைசிக் காலத்தை நமக்குக் காட்டும் சாளரமாகவும் அமைந்துவிட்டது.

கதே 1749ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் திகதி பிராங்போட் நகரிற் பிறந்தவர். இருபத்தைந்து வயதிலேயே ‘வெர்தர்’ என்னும் நாவலால் ஐரோப்பா முழுவதும் அறியப்பட்டவர். பின்னர் வைமார் என்னும் சிறிய அரசின் அமைச்சராகி, சுரங்கங்கள், தெருக்கள், படை, நிதி என்று பல துறைகளின் பொறுப்பையும் ஏற்றார். பத்து ஆண்டுக் காலம் கோப்புகளுக்கிடையே கழிந்தது. தொடங்கிய நாடகங்கள் முடிவுறாமற் கிடந்தன. கவிதை ஊற்று வற்றிவிடுமோ என்ற அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. 1786ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் திகதி, அதிகாலை மூன்று மணிக்கு, கார்ல்ஸ்பாட் என்னும் நீராடற்றலத்திலிருந்து ஒருவருக்கும் சொல்லாமல் அவர் வண்டியேறினார். பணியாள் ஒருவரும் உடன் செல்லவில்லை. சாமான்கள் இரண்டு பைகளுக்குள் அடங்கின. தம் பெயரையும் மறைத்து, மெல்லர் என்னும் வணிகராகத் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். அவர் எங்கே செல்கிறார் என்பதை வைமார் கோமகனும் அறியார். உற்ற தோழியாகிய சார்லொட் பொன் ஸ்டைன் அம்மையாரும் அறியார்.

இத்தாலிக்குச் செல்லும் ஆசை அவருக்குத் தந்தை வழியாக வந்த உரிமையென்றே கூறலாம். தந்தையார் யோகான் காஸ்பர் கதே 1740ஆம் ஆண்டில் இத்தாலியிற் பயணஞ் செய்தவர். அப்பயணத்தின் நினைவிலேயே அவர் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார் என்று சொன்னாலும் தவறாகாது. வீட்டின் சுவர்களில் றோம் நகரக் காட்சிகளைத் தொங்கவிட்டார். பயண வரலாற்றை இத்தாலிய மொழியிலேயே எழுதினார். மகனும் அந்நாட்டைக் காணவேண்டுமென்று இடைவிடாது வற்புறுத்தினார். 1775ஆம் ஆண்டில் மகன் தந்தையின் சொற்கேட்டு இத்தாலிக்குப் புறப்பட்டதும் உண்டு. ஆனால், ஹைடல்பேர்க் நகரை அடைந்தபோது வைமாரிலிருந்து அழைப்பு வந்தது. பயணம் திசை மாறியது. தந்தையார் 1782ஆம் ஆண்டிற் காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து மகன் அந்தப் பாதையிற் கால் வைத்தபோது, அதைக் கேட்டு மகிழ அவர் உயிரோடில்லை.

வெனிஸை அடையும் முன்னரே அக்குடியரசின் மனநிலையைக் கதே ஒருமுறை நேரிற் கண்டார். கார்டா ஏரிக்கரையிலே மல்செசீனே என்னும் சிற்றூர் உண்டு. அது வெனிஸ் குடியரசின் எல்லையூர். அங்கே பாழடைந்த கோட்டை ஒன்றை அவர் அமர்ந்து வரைந்துகொண்டிருந்தார். ஊர் மக்கள் கூடிவிட்டனர். ஒருவர் அவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக் கிழித்தார். எல்லைக் கோட்டையை வரைபவர் ஒஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஒற்றராகத்தான் இருக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். இடிந்த சுவரின் அழகைப் பற்றி அவர் கூறிய விளக்கம் எவர் செவியிலும் ஏறவில்லை. முன்னொரு காலத்திற் பிராங்போட்டில் வேலை பார்த்த உள்ளூரவர் ஒருவர் வந்து, அந்நகரத்துக் குடும்பங்களைப் பற்றி உசாவி, இவர் மெய்யாகவே அவ்வூரவர்தாம் என்று சாட்சி கூறிய பின்னரே அவர் விடுவிக்கப்பட்டார். பாழடைந்த கோட்டையைக் கண்டும் அஞ்சும் நிலையில் ஓர் அரசு இருந்ததென்றால், அதன் வலிமை எவ்வளவு தேய்ந்துபோயிருந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

செப்டெம்பர் 28ஆம் திகதி மாலை, பாதுவா நகரிலிருந்து பிரென்டா ஆற்றின் வழியே பொதுப் படகில் வந்த கதே, கடனீரேரியின் நடுவே வெனிஸ் நகரம் எழுந்து நிற்பதைக் கண்டார். முதற் கோண்டோலா படகு அவர் வந்த படகை அணைந்தபோது, இருபது ஆண்டுகளாக நினைவில் வராத பொருளொன்று அவர் நெஞ்சில் எழுந்தது. தந்தையார் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த கோண்டோலாப் பதுமை ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது. தந்தையார் அதை மிகவும் போற்றிக் காத்தார். சிறுவனாகிய மகன் என்றாவது அதைக் கையிலெடுத்து விளையாட அனுமதிக்கப்பட்டால் அது பெரும் பேறு. முன்பின் கண்டிராத அந்நகரம் அவரைப் பழகிய முகத்தோடு வரவேற்றது.

வெனிஸ் எப்படித் தோன்றிய நகரம்? நிலத்தில் வாழ இடமிருந்தும் நீரிற் குடியேறும் மக்கள் எவருமிலர். 452ஆம் ஆண்டில் ஹூணர் தலைவன் அட்டிலா அக்குவிலேயா நகரைச் சூறையாடினான். 568ஆம் ஆண்டில் லொம்பார்டியர் படையெடுத்தனர். இவற்றுக்கு அஞ்சி ஓடிய மக்களுக்கு, ஆழமற்ற கடனீரேரியிற் கிடந்த சேற்றுத் தீவுகளே அரணாயின. குதிரைப் படை அங்கே வரமுடியாது. வழியறியாத கப்பலும் சேற்றிற் சிக்கிவிடும். சேற்றில் ஆயிரக்கணக்கான மரக்கம்பங்களை நெருக்கமாக அறைந்து, அவற்றின்மேல் மரப்பலகைகளையும், உப்புநீருக்கு இளகாத இஸ்திரியக் கல்லையும் அடுக்கி, அதன்மேற் செங்கற் சுவர்களை எழுப்பினர். காற்றுப் படாமற் சேற்றில் அமிழ்ந்த மரம் எளிதில் உளுத்துப்போவதில்லை. இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகள் ஒன்றிணைந்து ஒரு நகரமாயின. இன்பத்துக்காக எவரும் இத்தீவுகளுக்கு வரவில்லை, இடுக்கண்ணே அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது என்பதைக் கதேயும் வந்தவுடனே குறித்துக்கொண்டார்.

மறுநாள், செப்டெம்பர் 29, மிக்கேல் தேவதூதரின் திருநாள். நண்பகல் உணவை முடித்துக்கொண்டு கதே தனியாக வெளியே புறப்பட்டார். அவர் தங்கிய விடுதி மாற்குச் சதுக்கத்துக்கு அண்மையில் இருந்தது. வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது அக்காலத்துப் பயணிகளின் வழக்கம். வழிகாட்டி தனக்குத் தெரிந்த பத்து இடங்களைக் காட்டுவான். பயணியும் அந்தப் பத்தையே நகரமென்று எண்ணித் திரும்பிவிடுவார். கதே அதை விரும்பவில்லை. நகரம் முழுவதும் எத்தகையது என்ற எண்ணம் முதலில் உள்ளத்திற் பதியவேண்டும், சிறப்பிடங்களைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் முடிவு. ஆகவே, சூரியன் நிற்கும் திசையை மட்டும் கருத்திற்கொண்டு, எவரிடமும் வழி கேளாமல் ஒழுங்கைகளுக்குள் நுழைந்தார்.

அந்த ஒழுங்கைகளின் நெருக்கம் நேரிற் காணாதவருக்கு விளங்காது. பெரும்பாலானவற்றின் அகலத்தை இரு கைகளையும் விரித்து அளந்துவிடலாம். மிகக் குறுகியவற்றில், இடுப்பிற் கைவைத்து நின்றாலே முழங்கைகள் சுவரில் முட்டும். ஒழுங்கை சட்டென்று ஒரு வாய்க்காலில் முடியும். அல்லது எவரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் முடியும். வந்த வழியே திரும்பி, வேறொரு திருப்பத்தில் நுழைந்தால், எதிர்பாராத வகையில் அகன்ற வெளியும் தேவாலயமும் எதிரே நிற்கும். பாலங்களெல்லாம் படிக்கட்டுகளோடு வளைந்து உயர்ந்தவை. அவற்றின் கீழே படகுகள் தடையின்றிச் செல்லவேண்டுமல்லவா? வண்டிச் சத்தமும் குதிரைக் குளம்பொலியும் இல்லாத நகரம் அது. மனிதரின் காலடியோசையும் துடுப்பின் ஓசையுமே அங்கே கேட்பன.

இவ்வாறு சுற்றிய கதே றியால்டோ பாலத்தை அடைந்தார். நகரின் நடுவே வளைந்தோடும் பெருங்கால்வாய்க்குக் குறுக்கே அந்நாளில் இருந்த ஒரே பாலம் அது. ஒற்றை வளைவாகக் கல்லாற் கட்டப்பட்ட அப்பாலம் 1591ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதன்மேல் நின்று அவர் கீழே நோக்கினார். நிலப்பகுதியிலிருந்து நகருக்கு வேண்டிய பொருள்களையெல்லாம் சுமந்துவந்த வள்ளங்கள் நெருங்கி நின்றன. அவற்றினிடையே கோண்டோலாக்கள் ஊர்ந்தன. திருநாளுக்காக உடுத்து, தேவதூதரின் கோயிலை நோக்கித் தோணித்துறையைக் கடந்துசெல்லும் பெண்களும் ஆண்களும் திரள் திரளாகச் சென்றனர்.

றியால்டோ என்ற பெயர் தமிழ்பேசும் நாடுகளின் வரலாற்றோடும் தொடர்புடையது. மலையாளக் கரையின் மிளகும் இலங்கையின் கறுவாவும் அரபிக் கடலையும் செங்கடலையும் கடந்து, அலெக்சாந்திரியாத் துறைமுகம் வழியாக வந்து ஐரோப்பியருக்கு விற்பனையான பெருஞ்சந்தை அதுவே. ஜேர்மனிய வணிகர்கள் தங்கிச் சரக்கு வாங்குவதற்கென்றே பாலத்தின் அருகில் ஒரு பெரிய மாளிகையும் நின்றது. வெனிஸ் 1284ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய பொற்காசு, அக்குடியரசு மறையும்வரை எடையும் மாற்றும் குறையாமல் வழங்கியது. ஆதலால் அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நம்பிக்கையோடு ஏற்கப்பட்டது. அக்காசிலே, ஆட்சித்தலைவர் கொடிக்கம்பைப் பற்றியவாறு புனித மாற்குவின் முன் முழந்தாளிடும் காட்சி பொறிக்கப்பட்டிருந்தது. தென்னிந்திய மக்களோ அதைப் பனையேறும் ஒருவரின் உருவமாகக் கண்டு, அதற்கேற்ற பெயரும் சூட்டி வழங்கினர். 1498ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கள்ளிக்கோட்டையை அடைந்தபோது, வெனிஸின் தனியுரிமைக்கு முதல் அடி விழுந்தது. அதன் வணிகம் ஒரே நாளில் அழிந்துவிடவில்லை. ஆயினும் உலகின் பெருவழி மெல்ல மெல்ல வேறு கடல்களுக்கு மாறிற்று. கதே கண்ட றியால்டோவில் இன்னும் ஆரவாரம் இருந்தது; ஆனால், அது உலகச் சந்தையின் ஆரவாரமன்று, ஒரு நகரத்து மக்களின் அன்றாடத் தேவையின் ஆரவாரம்.

அந்தக் கூட்டத்தின் நடுவிலேதான் தாம் நெடுநாளாக ஏங்கிய தனிமையைக் கதே அடைந்தார். காட்டிலும் மலையிலும் தேடிய தனிமை, தம்மை அறியாத ஆயிரம் பேரிடையே தோளோடு தோள் உரசி நடக்கும்போதே முழுமையாகக் கிட்டியதென்று அவர் கண்டார். வைமாரில் அவரைக் கண்டவர்களெல்லாம் அமைச்சரைக் கண்டனர். அல்லது ‘வெர்தர்’ ஆசிரியரைக் கண்டனர். வெனிஸில் எவரும் அவரைப் பார்க்கவில்லை. அதனால் அவர் எல்லாரையும் பார்க்க முடிந்தது. நடந்து களைத்தபின் கோண்டோலா ஒன்றில் ஏறி, பெருங்கால்வாயின் வழியே கடனீரேரிக்குள் சென்று, ஜியுடெக்கா வழியாக மாற்குச் சதுக்கத்துக்கு அண்மையில் வந்திறங்கினார். அப்போதும் அவர் நினைவில் எழுந்தவர் தந்தையே.

மறுநாளாகிய 30ஆம் திகதி அவர் முதலிற் செய்த காரியம் நகரத்தின் வரைபடமொன்றைப் பெற்றதாகும். அந்த ஒழுங்கு கவனிக்கத்தக்கது. முதல் நாள் வரைபடமில்லாமல் நடந்தார். கால்கள் நகரை அறிந்த பின்னரே தாளைக் கையிலெடுத்தார். வெறும் கோடுகளாகத் தோன்றக்கூடியவை இப்போது அவருக்குத் தாம் நடந்த ஒழுங்கைகளாகத் தோன்றின. வரைபடத்தை ஒருவாறு பயின்றபின், மாற்குச் சதுக்கத்து மணிக்கோபுரத்தில் ஏறினார். ஏறக்குறைய 99 மீற்றர் உயரமுடைய செங்கற்கோபுரம் அது. 1609ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திற் கலிலியோ தாம் அமைத்த தொலைநோக்கியை வெனிஸ் பிரமுகர்களுக்குக் காட்டியதும் அக்கோபுரத்திலிருந்துதான். கதேயின் கையில் தொலைநோக்கி இருக்கவில்லை. அன்று அது வேண்டியிருக்கவுமில்லை. நண்பகல் வெயில் தெளிவாக எறித்தது. அருகிலுள்ளவையும் தொலைவிலுள்ளவையும் வெறுங் கண்ணுக்கே புலப்பட்டன.

வடமேற்கே பாதுவா, விசென்சா நகரங்களின் மலைகளும், அவற்றுக்கு அப்பால் அவர் கடந்துவந்த தீரோல் மலைத்தொடரும் தோன்றின. கீழே, ஏற்றநீர் நிறைந்த கடனீரேரி பரந்து கிடந்தது. லீடோ என்னும் ஒடுங்கிய மணற்றிட்டு அதற்கு வரம்பிட்டது. அந்த வரம்புக்கு அப்பால் நீலமான நீர்ப்பரப்பும் அதன்மேற் சில பாய்களும் தெரிந்தன. கதே கண்ட முதற் கடல் அதுவே. அந்த நாளின் குறிப்பில் இதற்கென்று பெரிய வருணனை எதுவும் இல்லை. முதன்முறையாகக் கடலைக் கண்டேன் என்ற அளவில் ஒரு தொடரோடு அமைந்துவிட்டு, கடனீரேரியில் நின்ற போர்க்கப்பல்களைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். ஆஞ்சலோ ஏமோ என்னும் கடற்படைத் தலைவர் வட ஆபிரிக்கக் கரையில் நடத்திக்கொண்டிருந்த போருக்குத் துணையாகச் செல்லவேண்டிய கப்பல்கள் அவை. காற்று வாய்க்காமையால் நங்கூரமிட்டுக் கிடந்தன. வெனிஸ் குடியரசு நடத்திய கடைசிக் கடற்போர் முயற்சி அது என்பதை அன்று கோபுரத்தில் நின்றவர் எப்படி அறிந்திருப்பார்?

மாலையில் அவர் மறுபடியும் தனியாக நடந்தார். இம்முறை நகரின் கடைக்கோடிகளை நாடினார். புகழ்பெற்ற மாளிகைகள் இல்லாத பகுதிகள். மீனவரும் தொழிலாளரும் வாழும் குடியிருப்புகள். வழி தவறியது; மீண்டும் திசையை மட்டுமே நம்பித் திரும்பினார். வெனிஸ் ஆறு பிரிவுகளாக வகுக்கப்பட்ட நகரம். அவற்றின் கடைசி வீடுவரை சென்று மக்களின் நடையுடை பாவனைகளைக் கவனித்த கதே, ஒவ்வொரு பகுதியாரும் ஒவ்வொரு தன்மையினர் என்று குறித்தார். முற்றங்களின் நடுவே கல்லாற் செதுக்கிய கிணற்றுவாய்கள் நின்றன. சுற்றிலும் உப்புநீர், தோண்டினாலும் உப்புநீர். ஆகவே, முற்றத்தின் கீழே களிமண் பூசிய பெருந்தொட்டி அமைத்து, மணலை நிரப்பி, மழைநீரை அதனூடாக வடியவிட்டு, நடுவிலுள்ள கிணற்றில் ஊறிச் சேரச் செய்தனர். நிலப்பகுதியிலிருந்து குழாய்நீர் வந்த 1884ஆம் ஆண்டுவரை நகரத்தின் தாகத்தைத் தணித்தவை இத்தகைய கிணறுகளும், ஆற்றுநீர் கொண்டுவந்த வள்ளங்களுமே.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று கதேயின் கண்ணிற் பட்டது அழகன்று, அழுக்கு. தெருக்களின் மூலைகளிற் குப்பை குவிந்து கிடந்தது. அயற்றீவுகளிலிருந்து வந்த பெரிய வள்ளங்கள் வயலுக்கு எருவாக அதனை அள்ளிச் சென்றன. ஆனால், அதில் ஒழுங்கும் இல்லை, கண்டிப்பும் இல்லை. மழை பெய்தபோது பாலங்களும் கற்றளங்களும் சேறாயின. அமைச்சர் பணிகளை விட்டு ஓடிவந்தவரின் உள்ளத்தில் அமைச்சர் இன்னும் விழித்திருந்தார் போலும்! நடந்துகொண்டே அந்நகருக்கு ஒரு துப்புரவுத் திட்டத்தை அவர் மனத்தில் வகுத்துவிட்டார். பிறர் வாசலிலுள்ள குப்பையைக் கூட்டுவதில் மனிதனுக்குள்ள ஆர்வத்தை நினைத்துத் தம்மைத் தாமே நகைத்துக்கொள்ளவும் செய்தார். புகழ்மாலை சூட்டுவது மட்டுமே பயணியின் வேலை என்று எண்ணாததே அவருடைய குறிப்புகளின் சிறப்பு.

வெனிஸில் அவர் பதினாறு நாட்கள் தங்கினார். அந்நாட்களிற் கேட்ட ஒன்றைக் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. தாஸோ, அரியோஸ்தோ என்னும் இத்தாலிய மகாகவிகளின் பாடல்களைத் தமக்குரிய இராகத்தில் பாடுவது படகோட்டிகளின் பழைய மரபு. 1786ஆம் ஆண்டிலேயே அது அருகிவிட்டது. சொல்லியனுப்பித்தான் பாடகர் இருவரை அவர் அழைத்துக்கொள்ள நேர்ந்தது. நிலவொளியிற் படகின் முன்னும் பின்னுமாக இருந்து அவர்கள் மாறி மாறிப் பாடினர். பின்னர் கரையிலிறங்கி, ஒருவரை ஒருவர் காணாத தொலைவிற் பிரிந்து நின்று பாடினர். அருகிற் கேட்டபோது கரடுமுரடாயிருந்த குரல், தொலைவிலிருந்து நீரின்மேல் மிதந்து வந்தபோது நெஞ்சை உருக்கியது. அதன் பொருளும் அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று. தனித்திருக்கும் ஒருவன் தொலைவை நோக்கிப் பாடுகிறான். அவனைப் போன்ற மற்றொருவன் எங்கோ இருந்து அதைக் கேட்டு விடை தருகிறான். லீடோக் கரையிலும் மாலை வேளைகளில் மீனவப் பெண்கள் அமர்ந்து, கடலிலுள்ள கணவரின் குரல் திரும்பி வரும்வரை பாடுவார்கள் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது.

அக்குடியரசின் பெருமையையும் அவர் கண்டார். ஆட்சித்தலைவராகிய டோஜே, துருக்கியரை வென்ற பழைய வெற்றியின் நினைவாக, பொன்னாடை புனைந்து தேவாலயத்துக்கு எழுந்தருளிய விழாவைப் பார்த்தார். கப்பல் கட்டும் பெருந்தளத்தில், பொன்முலாம் பூசிய புச்சின்தோரோ என்னும் அரச படகைப் பார்த்தார். ஆண்டுதோறும் இயேசுநாதர் விண்ணேறிய திருநாளில் டோஜே அப்படகிற் சென்று, கடலில் மோதிரத்தை இட்டு, கடலைத் தம் நகருக்கு மணம்புரிந்து வைப்பது வழக்கம். படகு முழுவதும் அலங்காரமாயிருந்தது. ஒருகாலத்தில் மெய்யாயிருந்த ஆட்சியைப் பின்வந்தோருக்குக் காட்டும் நினைவுப் பொருளாகவே அது அவருக்குத் தோன்றியது. வணிகம் தளர்ந்தாலும், வலிமை குன்றினாலும், கூடி உழைத்த ஒரு மக்கட் சமுதாயத்தின் பெரும் படைப்பாகிய இந்நகரம் காண்பவர் மதிப்பில் தாழாது என்பதும் அவர் கருத்து.

அவர் கண்டவற்றுட் பல அதன்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. பதினோராண்டுகள் கழிந்தன. 1797ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி, நெப்போலியனின் படைகள் கடனீரேரியின் கரையில் நிற்க, வெனிஸின் பேரவை கூடித் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஆயிரமாண்டுக்கு மேற்பட்ட குடியரசு ஒரு வாக்கெடுப்போடு முடிவுற்றது. அவ்வாண்டு ஒக்டோபரிற் செய்த உடன்படிக்கையால் நகரம் ஒஸ்திரியாவின் கைக்குச் சென்றது. 1798ஆம் ஆண்டில் புச்சின்தோரோப் படகின் பொன்னைப் பிரித்தெடுப்பதற்காகப் பிரெஞ்சுப் படையினர் அதன் சிற்ப வேலைகளைத் தீயிட்டனர். மாற்கு ஆலய முகப்பிலிருந்த நான்கு வெண்கலக் குதிரைகள் பாரிஸுக்குச் சென்று, 1815ஆம் ஆண்டிலேதான் திரும்பின. கதே தம் நாட்குறிப்புகளைத் திருத்தி ‘இத்தாலியப் பயணம்’ என்ற நூலாக வெளியிடத் தொடங்கியது 1816ஆம் ஆண்டில். ஆகவே, அந்நூலில் நடமாடும் டோஜேயும் காற்றுக்குக் காத்திருக்கும் கப்பல்களும், நூலை முதன்முதற் படித்தவர்களுக்கே பழங்கதையாகிவிட்டனர்.

கதே ஏறிய கோபுரமும் இன்றில்லை. 1902ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் திகதி காலையில் அது சரிந்து செங்கற்குவியலாயிற்று. நல்வாய்ப்பாக ஓர் உயிரும் போகவில்லை. இருந்த இடத்தில், இருந்தபடியே கட்டவேண்டுமென்று நகரத்தார் உறுதி பூண்டு, 1912ஆம் ஆண்டு ஏப்பிரல் 25ஆம் திகதி புதிய கோபுரத்தைத் திறந்துவைத்தனர். 1846ஆம் ஆண்டில் இரயிற்பாலம் நகரை நிலத்தோடு பிணைத்தது. பெருங்கால்வாய்க்குக் குறுக்கே இன்று நான்கு பாலங்கள் உள்ளன. கதேயின் காலத்தில் ஏறக்குறைய 1,40,000 மக்கள் வாழ்ந்த பழைய நகரில், இன்று 50,000 பேருக்கும் குறைவாகவே வாழ்கின்றனர். அவர்களைவிடப் பலமடங்கு பயணிகள் வந்து செல்கின்றனர். ஒரே நாளில் வந்து திரும்புவோரிடம், குறித்த சில நாட்களில், 2024ஆம் ஆண்டு முதல் நுழைவுக் கட்டணமும் பெறப்படுகின்றது.

ஒரு கருத்தில் மட்டும் கவிஞரின் கணிப்பைக் காலம் முற்றாக மாற்றிவிட்டது. பெல்லெஸ்திரீனா என்னும் தீவில், 1744ஆம் ஆண்டு முதல் 1782ஆம் ஆண்டு வரை எழுப்பப்பட்ட பெருங் கடற்சுவர்களை அவர் சென்று பார்த்தார். கடல் மெல்ல மெல்லப் பின்வாங்கி வருகின்றது என்றே அக்காலத்து அறிஞர் பலரைப் போல் அவரும் எண்ணினார். ஆகவே, நகருக்கு அஞ்சவேண்டிய காரணமில்லை. கால்வாய்களைத் தூர்ந்துபோகாமற் காத்துவந்தால் ஆயிரமாயிரம் ஆண்டுகள் அவகாசம் உண்டு என்று எழுதினார். நடந்ததோ வேறு. கடல் உயர்ந்தது, நிலம் அமிழ்ந்தது. 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி நீர்மட்டம் 194 சென்ரிமீற்றரை எட்டியது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் 187 சென்ரிமீற்றரைத் தொட்டது. கடனீரேரியின் மூன்று வாயில்களிலும் கடலடியிற் படுத்திருந்து, வேண்டியபோது எழுந்து நிற்கும் 78 கதவுகள் அமைக்கப்பட்டு, 2020ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி முதன்முறையாக உயர்ந்த ஏற்றநீரைத் தடுத்து நிறுத்தின. எதிரிக்கு அஞ்சிக் கடலிடம் அடைக்கலம் புகுந்த நகரம், இன்று அக்கடலுக்கே கதவிட்டு வாழ்கின்றது.

ஆயினும் அழியாத ஒன்று உண்டு. அதுவே அந்தத் தனிப் பயணியின் முறை. அரசு மாறலாம், கோபுரம் விழலாம், கடலும் தன் போக்கை மாற்றலாம். ஒழுங்கைகள் மட்டும் பெரும்பாலும் அன்று இருந்த போக்கிலேயே இன்றும் கிடக்கின்றன. முதலில் வழி கேளாமல் நட. பின்னர் வரைபடத்தைப் பார். அதன்பின் உயரத்தில் ஏறி முழுமையை நோக்கு. கடைசியில் எவரும் காட்டாத கடைக்கோடிக்குப் போ. இதுவே கதே அவ்விரு நாட்களிலும் கைக்கொண்ட ஒழுங்கு. கேட்டறிந்ததைக் கண்டறிவதும், கண்டறிந்ததைக் காலால் நடந்து சரிபார்ப்பதும் அதன் சாரம். பத்தாண்டுகளாக முடங்கிக் கிடந்த நாடகங்களை அவர் அப்பயணத்தின்போது மீண்டும் கையிலெடுத்தார். ‘இபிகேனியா’ அவ்வாண்டு முடியும் தறுவாயிலும், ‘எக்மொன்ட்’ அடுத்த ஆண்டிலும் நிறைவுற்றன. வற்றிவிடுமென்று அவர் அஞ்சிய ஊற்று மீண்டும் சுரந்தது. அது சுரக்கத் தொடங்கிய நாட்களுள், பெயரை மறைத்து வெனிஸ் நகரத்து ஒழுங்கைகளில் வழிதவறி நடந்த அந்த மாலைகளும் அடங்கும்.